கொன்கோர்டிலிருந்து கற்பிட்டி வரை: அமெரிக்க மனோரதியமும் நம் கரையும்

1807 பெப்ரவரி 27 அன்று அமெரிக்காவின் போர்ட்லன்ட் துறைமுகத்தில் கவிஞர் லோங்ஃபெலோ பிறந்தார். மூன்று கிழமை கழிந்து மார்ச் 21 அன்று இலங்கையின் புத்தளக் கரையிலுள்ள கற்பிட்டியில் அறிஞர் சைமன் காசிச்செட்டி பிறந்தார். பின்னாளில் அமெரிக்க எழுத்தாளர்களான எமர்சனுக்கு அப்போது மூன்று வயது, ஹோதோர்னுக்கு இரண்டு. தோரோ பிறக்க இன்னும் பத்து ஆண்டு இருந்தது. இவர்களெல்லாரும் ஒரே தலைமுறையினர். அதிகாரமும் அறிவும் கப்பலேறித்தான் வரவேண்டும் என்று பழகிப்போன நிலங்களில் பிறந்தவர்கள். இந்த மண்ணைப் பற்றி எழுதும் தகுதி இந்த மண்ணில் பிறந்தவனுக்கு உண்டா என்ற கேள்வி இருபுறத்தார் முன்னும் நின்றது.

அமெரிக்கர் அதற்குச் சொன்ன விடை உலக இலக்கியமாகிவிட்டது. அமெரிக்க மனோரதியம் என்றும் கடந்தநிலைவாதம் என்றும் நாம் படிக்கும் பாடம் அந்த விடைதான். புத்தளக் கரை சொன்ன விடை பழைய அச்சுப் பிரதிகளிலும் வழக்குமன்ற நினைவுகளிலும் பெண்களின் பாட்டிலும் சிதறிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எமர்சனும் தோரோவும் கேட்ட மூன்று காரியங்கள் உண்டு: சொந்த மண்ணைச் சொந்தக் கண்ணால் பார்த்தல், உள்ளொளியை நம்புதல், மனச்சாட்சிக்காக உடலைப் பணயம் வைத்தல். மூன்றையும் நம் கரையும் அதன் அயலும் செய்து காட்டியிருக்கின்றன. ஆனால் வெவ்வேறு காலத்தில், ஒருவரையொருவர் அறியாத மனிதர் செய்தார்கள். அவற்றை ஒன்றுசேர்க்கும் எழுத்துத்தான் நம்மிடம் இன்னும் பிறக்கவில்லை.

திருச்சபையிலிருந்து காட்டுக்கு

ஐரோப்பிய மனோரதியம் அமெரிக்காவுக்குப் பிந்தித்தான் வந்தது. வாஷிங்டன் இர்விங் 1819 இல் வெளியிடத் தொடங்கிய சொற்சித்திரங்களும், கூப்பரின் எல்லைப்புற நாவல்களும், பிரையன்டின் இயற்கைக் கவிதைகளும் அதன் முதல் தலைமுறை. காடும் ஆறும் அவற்றில் அழகாக வந்தன. என்றாலும் பார்க்கும் கண் பெரும்பாலும் இங்கிலாந்தில் பயின்ற கண்ணாகவே இருந்தது.

திருப்பம் மதத்துக்குள்ளிருந்து வந்தது. பொஸ்டனில் யுனிட்டேரியன் திருச்சபைப் போதகராயிருந்த ரால்ஃப் வால்டோ எமர்சன், இளம் மனைவியை 1831 இல் இழந்தார். மறு ஆண்டு, தமக்கு உயிர்ப்பில்லாத சடங்கை நடத்த மனம் ஒவ்வாமல் பதவியைத் துறந்தார். 1836 இல் 'இயற்கை' என்ற சிறு நூலை வெளியிட்டார். 1837 இல் ஹார்வர்டில் அமெரிக்க அறிஞனைப் பற்றி உரையாற்றி, ஐரோப்பாவின் பழைய நூல்களுக்கு அடிமையாயிருக்கும் காலம் முடிந்தது என்றார். 1838 இல் அதே பல்கலைக்கழகத்தின் இறையியல் மாணவரிடம், தெய்வ அனுபவம் எந்த ஒரு காலத்தோடும் எந்த ஒரு நூலோடும் முடிந்துவிடவில்லை என்று பேசினார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஹார்வர்ட் அவரைப் பேச அழைக்கவில்லை.

கடந்தநிலைவாதம் எனப்படும் இச்சிந்தனையின் வேர் ஜேர்மனியில் கான்ட்டிடம் இருந்தது. கோல்ரிட்ஜும் கார்லைலும் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்புலன் தருவதே அறிவு என்ற கொள்கையை மறுத்து, புலன்களைக் கடந்து உள்ளம் நேராக அறியும் உண்மை ஒன்று உண்டு என்று எமர்சனும் தோழரும் நம்பினார்கள். அந்த அறிவு குருவானவருக்கும் பேராசிரியருக்கும் மட்டும் உரியதல்ல, ஏர் பிடிப்பவனுக்கும் உரியது என்றார்கள். சமூகத்தை உலுக்கியது இந்த இரண்டாவது கூற்றுத்தான்.

1840 முதல் 1844 வரை வெளிவந்த 'டயல்' சஞ்சிகை இவர்களின் களம். அதன் முதல் ஆசிரியர் மார்கரெட் ஃபுல்லர் என்ற பெண். 1845 இல் அவர் வெளியிட்ட 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்' என்ற நூல், உள்ளொளி ஆணுக்கு உண்டென்றால் பெண்ணுக்கும் உண்டு என்ற எளிய தருக்கத்தை அதன் முடிவுவரை கொண்டு சென்றது. ஜோர்ஜ் ரிப்ளி 1841 இல் புரூக் ஃபார்ம் என்ற கூட்டுப்பண்ணையைத் தொடங்கினார். உழவும் சிந்தனையும் ஓரிடத்தில் வாழலாம் என்ற கனவு அது. அங்கே சில மாதம் எருவள்ளிய ஹோதோர்ன், கை களைத்தால் மனமும் களைத்துவிடுகிறது என்று கண்டுகொண்டார். பின்னர் 1852 இல் அந்த அனுபவத்தை நாவலாக்கினார். எமர்சனின் ஒளிக்கு எதிரே நிழலை வைத்தவர்கள் ஹோதோர்ன், போ, மெல்வில் என்ற கதாசிரியர்கள். மனிதனுக்குள் தெய்வம் மட்டுமா இருக்கிறது, பாவமும் வெறியும் இல்லையா என்று அவர்கள் கேட்டார்கள். மெல்வில் 1851 இல் எழுதிய திமிங்கில நாவலில் இயற்கை மனிதனுக்கு விடை சொல்வதேயில்லை. அந்நாவலின் எண்ணெய்த் திமிங்கிலங்கள் இன்றும் கற்பிட்டிக்கு அப்பால் ஆழ்கடல் தொடங்கும் விளிம்பில் கூட்டமாக வருகின்றன.

குளத்தை அளந்தவர்

இக்கூட்டத்தில் நமக்கு மிக வேண்டியவர் ஹென்றி டேவிட் தோரோ. 1845 ஜூலை 4 அன்று, கொன்கோர்ட் ஊருக்கு அருகே, வால்டன் குளக்கரையில், எமர்சனின் காணியில் தாமே கட்டிய குடிலில் குடியேறினார். பத்தடி அகலம், பதினைந்தடி நீளம் கொண்ட குடில் அது. இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் அங்கே வாழ்ந்தார். அந்த வாழ்வைச் சொல்லும் 'வால்டன்' நூல் 1854 இல் வெளிவந்தது.

அந்நூலைத் துறவியின் தியானமாகவே பலர் வாசிக்கிறார்கள். அதில் அளவைக்காரரின் கை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். வால்டன் குளத்துக்கு அடியே இல்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை நிலவியது. தோரோ 1846 தொடக்கத்தில், குளம் உறைந்திருந்த வேளையில், திசைகாட்டியும் சங்கிலியும் கல் கட்டிய கயிறுமாக இறங்கினார். பனிக்கட்டியில் நூற்றுக்கு மேற்பட்ட துளைகளிட்டு ஆழம் பார்த்தார். மிகுந்த ஆழம் 102 அடி என்று கண்டார். வரைபடம் தீட்டியபின், குளத்தின் மிக நீண்ட கோடும் மிக அகன்ற கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்திலேயே அதிக ஆழமும் இருப்பதைக் கண்டு வியந்தார். மனிதனின் குணத்தையும் இப்படி அளக்கலாமோ என்று அவர் எண்ணம் ஓடியது. கடந்தநிலைவாதத்தின் உயிர் இங்கே இருக்கிறது. முதலில் கயிறு, பிறகு தத்துவம். கயிறு போடாமல் சொல்லும் தத்துவத்தை அவர் நம்பவில்லை.

அந்தக் கயிற்றுக்கு ஒப்பான ஒன்றைப் புத்தளக் கரையில் ஒருவர் அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே கையில் எடுத்திருந்தார்.

கற்பிட்டியின் மணியகாரர்

சைமன் காசிச்செட்டி அரசாங்க உத்தியோகத்தில் படிப்படியாக உயர்ந்து புத்தளத்தின் மணியகாரரானவர். 1838 இல் சட்டநிரூபண சபையில் தமிழருக்கான ஆசனத்தில் அமர்ந்தார். பின்னர் சிவில் சேவையில் சேர்ந்து நீதிபதியாகவும் கடமையாற்றினார். 1860 இல் காலமானார். 1834 இல், இருபத்தேழு வயதில், அவர் வெளியிட்ட 'இலங்கை கசற்றியர்' ஊர், ஆறு, துறை, கோயில், விளைபொருள், குடிகள் என்று இத்தீவை அகரவரிசையில் அடுக்கித் தருகிறது. ஆங்கிலேயர் இந்நாட்டைத் தம் தேவைக்காக அளந்துகொண்டிருந்த காலம் அது. கற்பிட்டியில் பிறந்த ஓர் இளைஞர், அவர்களுடைய மொழியிலேயே, இந்நாட்டைச் சொல்ல எனக்கும் தெரியும் என்று காட்டினார். எமர்சன் ஹார்வர்டில் அறிவுச் சுதந்திரம் வேண்டி முழங்கியதற்கு மூன்று ஆண்டு முந்திய செயல் இது. இதில் முழக்கம் இல்லை, ஆனால் காரியம் அதுவே.

அவருடைய பெரிய நூல் 1859 இல் யாழ்ப்பாணத்தில் ரிப்ளி அன்ட் ஸ்ட்ரோங் அச்சகத்தில் வெளிவந்த 'தமிழ் புளூட்டாக்'. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த புலவர்களின் வரலாற்றுச் சுருக்கம் அது. தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்துச் சொன்ன முன்னோடி நூல். 1886 இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதியபோது அதற்கு அடிமனையாக இருந்ததும் இதுவே.

பழைய கிரேக்கரான புளூட்டாக் எமர்சனுக்கும் வாழ்நாள் துணை. அந்த மரபில்தான் அவர் 1850 இல் 'பிரதிநிதி மனிதர்' என்ற நூலை எழுதினார். பிளேட்டோ, சுவீடன்போர்க், மொன்டேய்ன், ஷேக்ஸ்பியர், நெப்போலியன், கதே என ஆறு பேர் அதில் வருகிறார்கள். ஆறு பேரும் ஆண்கள், ஆறு பேரும் ஐரோப்பியர். ஐரோப்பாவிடமிருந்து விடுதலை வேண்டியவர், பெரியோரைத் தேடும்போது ஐரோப்பாவுக்கே திரும்பினார். காசிச்செட்டியோ புளூட்டாக்கின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் தம்மவரை நிறுத்தினார். நூலின் முகப்பிலேயே ஆண்பாற் புலவரோடு பெண்பாற் புலவரையும் சேர்த்துச் சொன்னார். இந்த ஒரு விடயத்தில் கற்பிட்டிக்காரரின் பார்வை கொன்கோர்ட் ஞானியின் பார்வையைவிட அகலமானது என்று தயங்காமல் சொல்வேன்.

காசிச்செட்டியை மனோரதியர் என்று சொல்ல முடியாது. அவர் உணர்ச்சியைப் பாடவில்லை, காட்டில் தனித்திருக்கவும் இல்லை. அவரிடம் இருந்தது பார்வையின் ஒழுக்கம். தோரோவின் பாதி அவரிடம் இருந்தது. மற்றப் பாதியாகிய 'நான்' என்ற குரல் அவர் எழுத்தில் ஒலிக்கவில்லை. காலனித்துவ உத்தியோகத்தருக்கு அந்தக் குரலில் பேச இடமும் இருக்கவில்லை.

இரண்டு நியூ இங்கிலாந்துகள்

ரிப்ளி அன்ட் ஸ்ட்ரோங் அச்சகத்தின் வழியாக 'தமிழ் புளூட்டாக்' அமெரிக்க மிஷனின் அச்சுத்தொழிலோடு சேர்ந்து பிறந்தது என்பது மேலும் ஒரு கதையைத் திறக்கிறது. 1815 ஒக்ரோபரில் மசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட்டிலிருந்து 'டிரையட்' என்ற கப்பல் புறப்பட்டு 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. அதில் வந்த டானியல் பூவரும் தோழரும் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க இலங்கை மிஷனை நிறுவினர். 1823 இல் வட்டுக்கோட்டை செமினறியும், 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலையும், 1841 இல் 'உதயதாரகை'யும் தோன்றின. அமெரிக்க நன்கொடையாளர் பெயர்கள் தமிழ் மாணவருக்குச் சூட்டப்பட்டன. ஆர்னல்ட், நெவின்ஸ், கரோல் என்ற பெயர்கள் யாழ்ப்பாண இலக்கிய வரலாற்றில் வருவது அப்படித்தான்.

எமர்சனை வளர்த்த அதே நியூ இங்கிலாந்துதான் இவர்களையும் அனுப்பியது. ஒரே ஊரவர், இரண்டு மனங்கள். ஒரு கூட்டம் கிழக்கைத் திருத்தக் கப்பலேறியது. மறு கூட்டம் வீட்டிலிருந்தபடியே கிழக்கின் நூல்களைத் திறந்தது. 1785 இல் சார்ல்ஸ் வில்கின்ஸ் மொழிபெயர்த்த பகவத்கீதையை எமர்சன் 1845 இல் ஆழ்ந்து படித்தார். தோரோ அதை வால்டன் கரையிலேயே காலைதோறும் படித்ததாக எழுதுகிறார். 'டயல்' சஞ்சிகையில் உலகச் சமய நூல்களுக்கென ஒரு பகுதியிருந்தது. அதில் மனுநூலின் பகுதிகளும், பிரெஞ்சு வழியாக வந்த பௌத்த சூத்திரம் ஒன்றும் வெளிவந்தன.

இரண்டு கூட்டமும் சந்தித்த இடம் ஒன்றுண்டு. வட்டுக்கோட்டை செமினறியின் அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன், தமிழ்ச் சைவத்தை எதிர்க்க வேண்டுமென்றால் அதைப் படிக்க வேண்டும் என்று தொடங்கி அதற்குள் ஆழ்ந்தார். தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் மூன்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அமெரிக்க ஓரியன்டல் சங்கத்தின் ஏட்டில் அவை 1854 இல் அச்சேறின. 'வால்டன்' வெளிவந்த அதே ஆண்டில், அதே நாட்டில், மெய்கண்டார் ஆங்கிலத்தில் கிடைத்தார். அமெரிக்கக் கிழக்கு நாட்டத்தைப் பேசுவோர் கீதையோடு நின்றுவிடுவதால், தமிழ்ச் சைவ சித்தாந்தமும் அந்நாட்டு அச்சில் அவ்வளவு முந்தி ஏறியதைக் காணாமல் போகிறார்கள்.

இன்னொரு தமிழ்த் தடமும் இருக்கிறது. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தின் பனிக்கட்டியை வணிகர் வெட்டியெடுத்ததைத் தோரோ கண்டார். பொஸ்டனின் ஃபிரெடெரிக் டியூடர் பனிக்கட்டியைக் கப்பலேற்றி 1833 முதல் கல்கத்தாவில் விற்றுவந்தவர். பின்னர் சென்னையிலும் விற்றார். தம் குளத்து நீர் கங்கை நீரோடு கலப்பதாகவும், சென்னை வாசிகள் தம் கிணற்றில் குடிப்பதாகவும் தோரோ கற்பனை செய்தார். அந்தப் பனிக்கட்டிக்காகச் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் இன்றும் நிற்கிறது. மேலைநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பிக் கொழும்பில் வந்திறங்கிய விவேகானந்தர், 1897 பெப்ரவரியில் சென்னையில் தங்கியதும் அங்கேதான்.

குருநாகலில் ஒரு ஞானி

புத்தளமும் குருநாகலும் ஒரே வடமேல் மாகாணத்தின் இரு பகுதிகள். கடந்தநிலைவாதத்தின் மறுதலைமுறை இங்கே வந்து ஒரு தமிழ்க் குருவின் முன் அமர்ந்தது.

வால்ட் விட்மன் 1855 இல் 'புல்லின் இலைகள்' வெளியிட்டபோது அதை முதலில் வாழ்த்தியவர் எமர்சன். எமர்சன் தேடிய அமெரிக்கக் கவிஞன் அவரே. யாப்பை உதறி, உடலையும் ஆன்மாவையும் சமமாகப் பாடி, தொழிலாளியையும் அடிமையையும் தம்முள் சேர்த்துக்கொண்டவர். இங்கிலாந்தில் விட்மனின் தலையாய சீடர் எட்வர்ட் கார்பென்டர். 1877 இல் அமெரிக்கா சென்று விட்மனையும் எமர்சனையும் கண்டவர். அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் பொன்னம்பலம் அருணாசலம். அருணாசலம் அனுப்பிய கீதை மொழிபெயர்ப்பே தம் 'ஜனநாயகத்தை நோக்கி' என்ற பெருங்கவிதைக்குத் தூண்டுகோலாயிற்று என்று கார்பென்டர் எழுதியிருக்கிறார்.

1890 இல் கார்பென்டர் இலங்கை வந்தார். குருநாகலில் நீதிபதியாயிருந்த அருணாசலத்தின் வழியாக இராமசாமி என்ற தமிழ் ஞானியைச் சந்தித்துப் பல கிழமை அவரிடம் பாடம் கேட்டார். எண்ணத்தை நிறுத்தும் பயிற்சி, எண்ணம் நின்ற இடத்தில் மிஞ்சும் அறிவு, எல்லா உயிரிலும் தன்னைக் காணும் நிலை என்று அவர் கேட்டவை 1892 இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் நான்கு அத்தியாயங்களாக விரிகின்றன. கொன்கோர்டில் புத்தகம் வழியாக மட்டும் தெரிந்த ஒன்று இங்கே ஓர் ஆளாக எதிரே அமர்ந்திருந்தது. கார்பென்டர் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. உடலையும் உழைப்பையும் சமூக சமத்துவத்தையும் இந்த ஞானமரபு போதிய அளவு மதிக்கவில்லை என்பது அவர் கருத்து. விட்மனின் சீடர் வேறெப்படிச் சொல்வார்? அந்தக் குறையை நாமும் நேராகப் பார்க்க வேண்டும்.

அருணாசலத்தின் தமையன் பொன்னம்பலம் இராமநாதன் 1905-06 இல் அமெரிக்காவில் சைவ நோக்கில் விவிலியத்தையும் ஆன்மிகப் பண்பாட்டையும் பற்றி உரையாற்றினார். தமிழ்க் கவிதையிலோ விட்மன் வேறு வழியில் நுழைந்தார். பாரதியார் அவரைப் பற்றி எழுதினார். பாரதியின் வசன கவிதையும் விட்மனும் சேர்ந்தே தம்மைப் புதுக்கவிதைக்குத் தூண்டியதாக ந. பிச்சமூர்த்தி சொல்லியிருக்கிறார். ஈழத்தில் 1943 இல் வரதர் எழுதிய 'ஓர் இரவிலே' புதுக்கவிதையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

இரண்டு தலைவரிகள்

1846 ஜூலையில் தோரோ செருப்புத் தைக்கக் கொடுத்ததை வாங்க ஊருக்குள் வந்தார். பல ஆண்டாகத் தலைவரி கட்டாததால் பிடித்துச் சிறையிலிட்டார்கள். அடிமைமுறையைக் காக்கும் அரசுக்கு, மெக்சிக்கோவின்மீது போர் தொடுத்த அரசுக்கு, ஒரு சதமும் தரமாட்டேன் என்பது அவர் நிலை. அவர் விருப்பத்துக்கு மாறாக யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் காலை வெளியே வந்தார். அவருக்கு முன்பே, 1843 இல், பிரொன்சன் அல்கொட் இதே காரணத்துக்காக இதே வரியை மறுத்திருந்தார். 1848 தொடக்கத்தில் தோரோ ஊர் மண்டபத்தில் இதுபற்றிப் பேசினார், 1849 இல் கட்டுரை அச்சானது. அரசுக்கு அடங்காமையைக் கடமையாக்கிய அக்கட்டுரை அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை.

அதே 1848 இல் இலங்கையில் வீதிக் கட்டளைச் சட்டம் வந்தது. உடல்வலுவுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். அந்த ஆண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். கிளர்ச்சி இராணுவச் சட்டத்தால் அடக்கப்பட்டது. வரி நிலைத்தது. முக்கால் நூற்றாண்டு கழிந்தும் இரண்டு ரூபாய்த் தலைவரியாக ஏழையின் முதுகில் இருந்தது. இரண்டு ரூபாய் இல்லாதவன் வீதியில் கல்லுடைக்கப் போக வேண்டும்.

சிலாபத்தின் சட்டத்தரணி விக்டர் கொரயா இந்த வரியைக் கட்ட மறுத்தார். 1922 இல் ஏ.ஈ. குணசிங்கவோடு சேர்ந்து இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவராயிருந்தவர் அவர். கொரயா குடும்பத்துக்குச் சிலாபத்தில் நிலமும் மதிப்பும் நிறைய உண்டு. இரண்டு ரூபாய் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. கட்ட இயலாதவனுக்காகக் கட்டக்கூடியவர் மறுத்தார் என்பதே அதன் பெருமை. அவரும் சிறை சென்றார். தோரோ ஒரே ஓர் இரவு சிறையிலிருந்தார், அவர் எதிர்த்த வரி போகவில்லை. கொரயாவும் தோழரும் நடத்திய இயக்கத்தின் முடிவில் ஆளுநர் மானிங் காலத்தில் இலங்கையின் தலைவரி ஒழிந்தது.

இடையே ஒரு பாலம் இருந்தது. தென்னாபிரிக்காவில் காந்தி 1907 இல் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் தோரோவின் கட்டுரையை வாசகருக்கு எடுத்துச் சொன்னார். அங்கும் தமிழ்த் தொழிலாளர் தலைமேல் மூன்று பவுண் வரி இருந்தது. 1913 இல் அதற்கெதிராகச் சிறை சென்றவர்களில் தில்லையாடி வள்ளியம்மை ஒருவர். குணசிங்கவின் தலைமுறைக்குக் காந்தி ஆதர்சம். 1927 நவம்பரில் காந்தி இலங்கை வந்தபோது சிலாபத்துக்கும் வந்தார், கொரயா குடும்பத்தார் வரவேற்றார்கள். கொன்கோர்டில் கவனிக்கப்படாது கிடந்த ஒரு சிந்தனை தென்னாபிரிக்கா, குஜராத்தியரான ஒரு சட்டத்தரணி என்று சுற்றி, உப்புக் காற்றடிக்கும் இந்த ஊர்வரை வந்தது. மனச்சாட்சி தனிமனிதனின் உடைமை என்றார் தோரோ. அது கூட்டாக எழுந்தால்தான் வரி விழும் என்று பிறர் காட்டினார்கள்.

காட்டில் முன்பு குடியிருந்தோர்

கடந்தநிலைவாதத்தின்மேல் கடுமையான கேள்வியொன்றை வைக்காமல் இந்த ஆய்வு முடியாது. தோரோ 1845 இல் குடிலுக்குப் போன அதே ஆண்டில் ஃபிரெடெரிக் டக்ளஸ், தாம் அடிமையாயிருந்த வரலாற்றை எழுதி வெளியிட்டார். தன்னம்பிக்கை என்று எமர்சன் போதித்ததை, கையும் காலும் கட்டுண்ட ஒருவன் உயிரைக் கொடுத்து அடைந்த கதை அது. அமெரிக்க மனோரதியத்தின் பட்டியலில் நெடுங்காலம் அந்த நூலுக்கு இடம் கொடுக்கப்படவில்லை.

ஆயினும் 'வால்டன்' நூலுக்குள்ளேயே ஒரு வாசல் உண்டு. அந்தக் காட்டில் தமக்கு முன் குடியிருந்தவர்களைத் தோரோ ஓர் அத்தியாயத்தில் நினைவுகூர்கிறார். கேட்டோ, பிரிஸ்டர், சில்ஃபா என அடிமைகளாயிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அவர்கள். சில்ஃபா ஊருக்காக நூல் நூற்ற பெண். அவள் பாட்டு காடெங்கும் உரக்கக் கேட்குமாம். 1812 போரின்போது ஆங்கிலச் சிப்பாய்கள் அவள் குடிசையைக் கொளுத்த, பூனையும் நாயும் கோழிகளும் வெந்து மாண்டன. இயற்கை என்று தோரோ ரசித்த அந்தத் தனிமை, விரட்டப்பட்டோரும் ஒதுக்கப்பட்டோரும் வாழ்ந்து மறைந்த இடம். அதை மறைக்காமல் எழுதியது அவர் நேர்மை.

புத்தளம் நகருக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. போர்த்துக்கேயர் முதலாக வந்த ஆட்சியாளர் அடிமையாகவும் படையாளாகவும் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஆங்கிலேயர் படைப்பிரிவுகளைக் கலைத்தபின் புத்தளத்தில் குடியமர்ந்தார்கள். அன்றாடப் பேச்சில் போர்த்துக்கேய கிரியோல் தேய்ந்துவிட்டது. மஞ்சா என்ற பாட்டில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. பெண்கள் கரண்டியும் சிரட்டையும் தாளமாகக் கொண்டு, மெல்லத் தொடங்கி வேகம் ஏற்றி, ஆட்டத்தில் முடிக்கிறார்கள். சில்ஃபாவின் பாட்டைத் தோரோ ஒரு வரியில் பதிந்து வைத்தார். மஞ்சாவைத் தமிழிலக்கியம் இன்னும் காதில் வாங்கவே இல்லை.

இரண்டாவது கேள்வி தனிமையைப் பற்றியது. கொன்கோர்டின் இயற்கை ஓய்ந்திருப்பவனின் இயற்கை. நம் கரையின் உடப்பிலும் கந்தக்குழியிலும் கடல் தொழிலிடம். கரைவலையை ஒருவர் இழுக்க முடியாது. இரண்டு கயிற்றிலும் ஆட்கள் அணிவகுத்து, அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் காலூன்றி, மணிக்கணக்கில் இழுத்தால்தான் மடி கரையேறும். சோளகம் எழுந்தால் ஒரு கரை, வாடை எழுந்தால் மறுகரை என்று வாடிகளை மாற்றிக்கொண்டு போகும் குடும்பங்களுக்கு, காற்றின் பெயர் உணவின் பெயர். இந்த அறிவு எமர்சன் சொன்ன நேரடி அறிவுதான். ஆனால் அது 'நான்' என்று பேசாது, 'நாங்கள்' என்றே பேசும். இந்தப் பன்மைக் குரலே அமெரிக்க மனோரதியத்துக்கு நம் கரை சேர்க்கக்கூடிய திருத்தம்.

எழுதப்படாத நூல்

இன்றைய புத்தளக் கரைக்குத் தோரோவின் கேள்விகள் பழையவை அல்ல. 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையம் இயங்குகிறது. மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட். நாட்டுக்கு வெளிச்சம் வருகிறது, அயலிலுள்ள தோட்டக்காரருக்கும் மீனவருக்கும் சாம்பலும் கவலையும் மிஞ்சுகின்றன. 2018 இல் கொழும்பின் குப்பையை அருவாக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு எதிராகப் புத்தளத்து மக்கள் மதபேதமின்றித் தெருவில் இறங்கினார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பல்லாயிரம் முஸ்லிம்கள் இந்த மாவட்டத்தில்தான் வந்து ஒதுங்கினார்கள். வீடென்றால் என்ன, வாழ எவ்வளவு போதும் என்று தோரோ விரும்பிக் கேட்ட கேள்விகளை அவர்கள் ஒரு பையோடு வந்து நின்று கேட்டார்கள். தானாகத் தேர்ந்த எளிமையும் திணிக்கப்பட்ட இல்லாமையும் ஒன்றல்ல என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் எழுத முடியாது.

ஆகவே நம் பல்கலைக்கழகங்களிலும் இலக்கிய வட்டங்களிலும் அமெரிக்க மனோரதியம் இனிக் கற்பிக்கப்பட வேண்டிய விதம் வேறு. 'வால்டன்' நூலின் பக்கத்தில் காசிச்செட்டியின் 'கசற்றியர்' வைக்கப்பட வேண்டும். எமர்சனின் ஆறு மனிதரோடு 'தமிழ் புளூட்டாக்' ஒப்பிடப்பட வேண்டும். குருநாகல் ஞானியைப் பற்றி கார்பென்டர் எழுதியதை, ஹொய்சிங்டனின் மொழிபெயர்ப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். அரசுக்கு அடங்காமை பற்றிய கட்டுரையைச் சிலாபத்தின் தலைவரி வரலாற்றோடு படிக்க வேண்டும். காசிச்செட்டியின் நூல்கள் குறிப்புரையோடு நல்ல தமிழில் வரவேண்டும். பிறந்த ஊரின் பாடசாலைப் பிள்ளைகள் அவரைத் தம் மொழியில் படிக்க முடியாதிருப்பது நமக்கு அழகல்ல.

இவ்வளவும் ஆயத்தமே. புத்தளம் களப்பின் ஆழத்தையும் கண்டலையும் கடற்பசுவையும் தோரோவின் கயிற்றோடு அளக்கும், மஞ்சாவுக்கும் அம்பாவுக்கும் செவிகொடுக்கும், உப்பளத்தில் கால் வெடித்த பெண்ணின் அறிவை நூலறிவுக்கு நிகராக மதிக்கும், அநீதியான கட்டளைக்கு முன் கொரயாவைப் போல முடியாது என்று சொல்லும் ஒரு தமிழ் நூல் இந்தக் கரையிலிருந்து வரவேண்டும். அதற்கான பொருள் எல்லாம் இங்கே இருக்கிறது, முன்னோரும் இருக்கிறார்கள். எமர்சன் 1837 இல் தம் நாட்டு இளைஞரிடம் கேட்டது இதைத்தான். அந்த வேண்டுகோள் இப்போது கற்பிட்டியிலும் சிலாபத்திலும் புத்தளத்திலும் பேனா பிடிக்கும் இளையோர் முன் நிற்கிறது. அவர்கள் தொடங்கட்டும்.